பெர்சன் வீட்டுப் பிள்ளைகளும் எச் அண்ட் எம் சரக்குக் கணக்கும்

குடும்பத் துணிக்கடை என்றால் அப்பா உட்கார்ந்த கல்லாவில் ஒருநாள் மகன் உட்காருவான், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்வீடனின் பெர்சன் குடும்பம் மூன்று தலைமுறையாக எச் அண்ட் எம் (H&M) என்ற துணிக்கடைச் சங்கிலியைக் கையில் வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால், கல்லா நாற்காலி அதில் சின்ன விஷயம் என்று தெரியும். சரக்கையும் பங்குகளின் ஓட்டுரிமையையும் யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

எர்லிங் பெர்சன் 1947-இல் வெஸ்டெரோஸ் நகரில் பெண்களுக்கான துணிக்கடை ஒன்றைத் திறந்தார். 1968-இல் ஸ்டாக்ஹோமில் மவுரிட்ஸ் விட்ஃபோர்ஸ் என்ற வேட்டைச் சாமான் கடையை வாங்கினார். கடையோடு ஆண்கள் உடைச் சரக்கும் சேர்ந்து வந்தது. அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் ஆண்கள் பிரிவையே தொடங்கினார்கள். 1974-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

மகன் ஸ்டெஃபான் பிறந்ததும் 1947-இல்தான். 1976-இல் லண்டனில் முதல் கடை திறந்தபோது, அவரே ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் என்ற கடைத்தெருச் சந்திப்பில் நின்று ‘ஆபா’ (ABBA) பாப் இசைக்குழுவின் இசைத்தட்டுகளைக் கொடுத்துக் கூட்டம் சேர்த்தார். இதைச் சுவையான துணுக்காகச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அந்த லண்டன் வேலைதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு வாரிசுக்குத் தரக்கூடிய பயிற்சிகளில் புதிய நாட்டில் கடை போடுவதைவிடக் கடினமானது இல்லை. போன வருஷம் எந்த சைஸ் எத்தனை போனது என்று பார்க்க அங்கே பழைய விற்பனைக் கணக்கே கிடையாது. வாடகை ஒப்பந்தம், ஆட்கள், ஆர்டர் எல்லாமே முதல் தடவை.

சைஸ் பிரிப்பில் என்ன கெடும் என்று பாருங்கள். ஒரு சட்டையில் 12 உருப்படி எடுக்கிறோம். நாலு சைஸுக்கும் மூன்று மூன்றாகப் போட்டால் நடு சைஸ் இரண்டும் முதல் வாரத்திலேயே காலியாகும். இரண்டு ஓரத்து சைஸ்களும் தொங்கிக்கொண்டே இருக்கும். ராக் பார்க்க நிறைந்திருக்கும், வருகிறவருக்கு வேண்டிய சைஸ் இருக்காது. இரண்டு, நான்கு, நான்கு, இரண்டு என்று எடுத்தால் நஷ்டம் குறையும். அந்த விகிதமும் ஊருக்கு ஊர் மாறும். பழைய கணக்கு இல்லாத இடத்தில் முதல் ஆர்டரைச் சிறியதாகப் போட்டு, போகப் போக நிரப்புவதுதான் வழி. சைஸ் உடைந்து தங்கிய சரக்குக்குத் தள்ளுபடியைத் தவிர வேறு கதி இல்லை.

அந்தத் தள்ளுபடி லாபத்தை எப்படித் தின்கிறது? 100-க்கு விற்கும் துணியின் அடக்கவிலை 45 என்றால் மிச்சம் 55. அதற்கு 30 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் விலை 70 ஆகும், மிச்சம் 25. விலை குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. லாபமோ பாதிக்கு மேல் போய்விட்டது. வாடகையும் சம்பளமும் இந்த 25-இலிருந்துதான் வரவேண்டும். தள்ளுபடி நாளில் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்படும் வாரிசு இந்தக் கணக்கை ஒருமுறை தன் கையால் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஸ்டெஃபான் 1982-இல் தலைமை நிர்வாகியானார். 1998-இல் இறங்கி இயக்குநர் வாரியத் தலைவரானார். அடுத்து ஃபாபியான் மோன்சன், ரோல்ஃப் எரிக்சன் என்று குடும்பத்துக்கு வெளியிலிருந்து இருவர் நிர்வாகம் செய்தார்கள். பேரன் கார்ல்-யோஹான் லண்டனில் வணிகம் படித்து, சொந்தத் தொழில் நடத்தி, 2005-இல் எச் அண்ட் எம்மில் சேர்ந்து, 2009-இல்தான் தலைமை நிர்வாகியானார். இந்தப் 11 வருஷ இடைவெளி சரியான ஏற்பாடு என்பேன். அப்பாவிடமிருந்து நேராக மகன் கைக்கு வந்தால், அப்பா காலத்துத் தவறுகளை மகனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

பேரன் காலத்தில்தான் சரக்கு அதிகமாகச் சேர்ந்து அடி விழுந்தது. 2018 பிப்ரவரி இறுதியில் சரக்குக் கையிருப்பு சுமார் 35 பில்லியன் ஸ்வீடன் குரோனா, அதாவது 4.3 பில்லியன் டாலர். 2017-இல் மொத்த விற்பனை சுமார் 200 பில்லியன் குரோனா, மொத்த லாப விகிதம் 54 சதவீதம். அப்படியானால் விற்ற துணியின் அடக்கம் வருஷத்துக்கு 92 பில்லியன். 35-ஐ 92-ஆல் வகுத்தால், கையில் இருந்தது ஏறக்குறைய நாலரை மாதச் சரக்கு. அது முழுவதும் விற்காமல் தேங்கியது அல்ல. வழியில் வருவதும் புது சீசனுக்கானதும் அதில் அடக்கம். ஆனாலும் ஃபேஷன் துணிக்கு நாலரை மாதம் அதிகம். எச் அண்ட் எம்முக்குச் சொந்தத் தொழிற்சாலை கிடையாது. தூரத்து சப்ளையரிடம் பல மாதம் முன்பே ஆர்டர் கொடுத்தால் அடக்கம் குறையும், ஆனால் ஊகம் தப்பினால் கப்பல் கப்பலாகத் தப்பான சரக்கு வந்து இறங்கும். வாடிக்கையாளர் ஆன்லைனுக்கு நகரும்போது இந்த அடி இன்னும் பலமாக விழும்.

சாதாரண நிறுவனமாக இருந்தால் அந்த நேரத்தில் நிர்வாகியை மாற்றியிருப்பார்கள். இங்கே மாற்றவில்லை. காரணம் பங்கு அமைப்பு. ஏ வகைப் பங்கு 19.44 கோடி, ஒன்றுக்கு 10 ஓட்டு, சந்தையில் வாங்க முடியாது, அத்தனையும் ராம்ஸ்பரி இன்வெஸ்ட் என்ற குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் கையில். பி வகை அப்போது சுமார் 146 கோடி, ஒன்றுக்கு ஒரே ஓட்டு. கணக்குப் போட்டால் ஏ வகை மட்டும் மூலதனத்தில் 12 சதவீதத்துக்கும் குறைவு, ஓட்டில் 57 சதவீதம். இதுபோக பி வகைப் பங்குகளையும் குடும்பம் வாங்கிச் சேர்த்தது. பொறுமையாகச் சரிசெய்ய இந்த ஏற்பாடு அவகாசம் தருகிறது. வாரிசு திறமையில்லாதவராக இருந்தால் அவரை யாராலும் அசைக்க முடியாது என்பதும் உண்மை. ஓட்டுகள் ஒரே நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், தலைமுறைதோறும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சிதறும் ஆபத்து குறைவு.

2020-இல் கார்ல்-யோஹான் நிர்வாகத்தை ஹெலெனா ஹெல்மர்சனிடம் கொடுத்துவிட்டு, அப்பா விலகிய வாரியத் தலைவர் இடத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் ஹெல்மர்சன் விலக, டேனியல் எர்வேர் வந்தார்.

இவர்கள் வேலை எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்க, காலாண்டு அறிக்கையில் சரக்குக் கையிருப்பை எடுத்து, கடந்த 12 மாத விற்பனையால் வகுத்துப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் அது 17.5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஒன்றை மறக்கக் கூடாது: இவர்கள் கணக்கு வருஷம் நவம்பர் 30-இல் முடிகிறது. அதனால் நவம்பர் எண்ணைப் பிப்ரவரி எண்ணோடு ஒப்பிட்டால் சீசன் மாற்றம் குழப்பிவிடும். போன வருஷத்தின் அதே காலாண்டோடு வைத்துப் பாருங்கள்.