ஃபிரிட்ஜில் வைத்த ரத்தம்

லேபில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். சின்ன ஊர் மருத்துவமனை, இரவு டியூட்டிக்கு நான் ஒருத்திதான். எட்டு மணி வாக்கில் வார்டிலிருந்து ஒரு சாம்பிள் வந்தது. காலையில் மற்றவற்றோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று, சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரிக்காமல் அப்படியே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். குளிரில் இருந்தால் எதுவும் கெடாது என்றுதான் நினைத்திருந்தேன்.

காலையில் பொட்டாசியம் 6.9 காட்டியது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. இந்த அளவுக்கு ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அணுக்கள் உடைந்து உள்ளிருந்த பொட்டாசியம் கொட்டியிருந்தால், அணுக்கள் நீங்கிய நீரான சீரம் சிவந்திருக்கும். அப்படிச் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். தெளிந்த மஞ்சள். அணுக்கள் உடையவில்லை, அப்படியானால் எண் சரிதான் என்று வார்டுக்குப் போன் செய்தேன். டியூட்டி டாக்டர் ஓடிப்போய் ஈசிஜி எடுத்தார். அதில் ஒரு குறையும் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார். 4.2.

சீனியர் அக்கா பழைய டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ராத்திரி இதை எங்கம்மா வெச்ச?” அவ்வளவுதான் கேட்டார்.

சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல். அது ஓயாமல் சவ்வு வழியே வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கசிவதை உள்ளே இழுத்துப்போட சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. அணுவின் எரிபொருளான ஏடிபியில் ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ நண்டுக் கால் நரம்பில் இதைக் கண்டறிந்து 1957இல் எழுதினார். நோபல் கிடைக்க 1997 வரை ஆனது. படிக்கும்போது “மூன்று வெளியே, இரண்டு உள்ளே” என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் குளிரில் அந்தப் பம்பு ஏறக்குறைய நின்றுபோகும், கசிவு மட்டும் நிற்காது என்பது அன்று காலைதான் உறைத்தது. அணு உடையவே வேண்டியதில்லை. இரவு முழுக்க வேலை நின்றிருந்தால் போதும்.

அந்த டாக்டர் ஈசிஜி எடுக்காமல், பொட்டாசியத்தை இறக்க இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றியிருந்தால் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும். இன்சுலின் தசை அணுக்களில் இதே பம்பைத்தான் முடுக்கிவிடுகிறது. சரியாக இருந்த பொட்டாசியம் கீழே போயிருக்கும், சர்க்கரையும் சேர்ந்து இறங்கியிருக்கும்.

அப்புறம் சில வருடம் ரத்த வங்கியில் இருந்தேன். அங்கேயும் இதே கதைதான். 2 முதல் 6 டிகிரியில் வைத்த பையில் நாளாக ஆக வெளியே பொட்டாசியம் சேரும். பெரியவர்களுக்கு ஓரிரு பை ஏற்றினால் பெரும்பாலும் பாதகமில்லை. உடம்புச் சூட்டில் பம்பு மெல்ல எழுந்து வேலையைத் தொடங்கிவிடும். பச்சிளங்குழந்தைக்கு அதிக அளவில் ஏற்ற வேண்டும் என்று கேட்டு வந்தால் மட்டும், அலமாரியில் பைகளைத் தள்ளித் தள்ளித் தேதி பார்த்து, இருப்பதிலேயே புதியதை எடுத்துக் கொடுப்பேன்.