வாயில்லா ஜீவனும் எங்க அம்மாவும்

பெரியவனுக்கு இன்று துளையுடலிகள், அதாவது கடற்பஞ்சுகள், பாடத்தில் டெஸ்ட். ஆயா, அதாவது என் அம்மா, ஊட்டிவிட்டால்தான் படிப்பு மண்டையில் ஏறும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

"கடற்பஞ்சுக்கு வாய் கிடையாது, வயிறு கிடையாது" என்று அவன் படித்ததும், தோசையோடு போன அம்மாவின் கை பாதியில் நின்றது.

"வாயே இல்லையா? பாவம்டா. அப்புறம் எப்படிச் சாப்பிடும்?"

அம்மாவைத்தான் தெரியுமே. ராங் கால் செய்தவனிடம்கூட "சாப்டியாப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள்.

பையன் விளக்கினான். உடம்பெல்லாம் பொடிப்பொடித் துளை. உள்ளே இருக்கும் செல்கள் சாட்டை மாதிரி இருக்கும் கசையிழையை ஆட்டி ஆட்டித் தண்ணீரை இழுக்கும். அதில் வரும் பாக்டீரியாவும் துணுக்குகளும் செல்லின் கழுத்துப்பட்டையில் சிக்கும், செல்லே அதை விழுங்கிக்கொள்ளும். மிச்சத் தண்ணீர் மேலே உள்ள பெரிய துளை வழியாக வெளியே போய்விடும். லூகோனியா என்று ஒன்று, 10 செ.மீ. உயரம், 1 செ.மீ. தடிமன், ஒரு நாளைக்கு 22.5 லிட்டர் தண்ணீரை இப்படி ஓட்டுகிறதாம்.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம்ம வாட்டர் கேனே 20 லிட்டர்தான். கேன் போடும் தம்பி நேற்றிலிருந்து "இதோ கிளம்பிட்டேன்க்கா" என்கிறார். பெரம்பூருக்கு அரக்கோணம் வழியாக வருகிறார் போல. வந்தாலும் மூன்றாவது மாடிக்குத் தனிக் காசு. கையும் காலும் இல்லாத ஒரு பஞ்சு, விரல் தடிமனில் இருந்துகொண்டு, கேனுக்கு மேலேயே தள்ளுகிறது!

அம்மாவுக்கோ வெறும் தண்ணீரில் மனசு ஆறவில்லை. "கவுச்சி எதுவும் கிடையாதா?"

உண்டாம். 1995-ல் மத்தியதரைக் கடல் குகை ஒன்றில் கண்டுபிடித்த ஒரு வகைப் பஞ்சு, கொக்கி போன்ற நுண்முட்களால் இறால் வகையறாப் பொடிசுகளைப் பிடிக்குமாம். பிடித்ததைச் சுற்றி செல்கள் மெல்ல நகர்ந்து வந்து மூடி, நாள் கணக்கில் ஜீரணிக்குமாம்.

"அப்படிச் சொல்லு!" அம்மா முகத்தில் அப்போதுதான் தெளிவு. அடுத்த வாய் உள்ளே போனது.

"சாதாரணப் பஞ்சுல, பிடிச்ச சாப்பாட்டை வேற செல்லுங்க வாங்கிட்டு நகர்ந்து போய், மத்த செல்லுக்கெல்லாம் கொடுக்கும் ஆயா."

"எல்லாருக்கும் கொடுத்துட்டு அது எப்ப சாப்பிடும்?"

பையன் புத்தகத்தைப் புரட்டினான். புத்தகம் அந்தப் பக்கமே போகவில்லை.

"அதுவும் அதுலயே ஜீரணம் பண்ணிக்கும் ஆயா."

"நின்னுகிட்டேவா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்லில் ஒட்டிக் கிழிந்த முதல் தோசையை அடுப்படியில் நின்றபடியே முடித்தவள் கேட்கிறாள். "நீ மட்டும் உட்கார்ந்தா சாப்பிட்டே?" என்றேன்.

"எனக்கென்ன, நீ ஆபீஸுக்குக் கிளம்பு" என்று என்னை விரட்டிவிட்டு, பேரனிடம் திரும்பினாள். "டேய், பரிமாறுறதும் சாப்பிடுதுன்னு மறக்காம எழுது."

"அதெல்லாம் மார்க்குக்கு வராது ஆயா."

"வராட்டி என்ன, எழுது."