தாத்தாவின் மஞ்சள் மாத்திரை

என் தாத்தா 19 வயதில் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்காகத்தான், மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்பதே அன்று பெரிய விஷயம். பெங்களூரில் பயிற்சி, அப்புறம் மணிப்பூர்.

இரண்டாம் உலகப் போர் சமயம். 1944 மார்ச் கடைசியில் ஜப்பானியர் இம்பால்–கோஹிமா சாலையைத் துண்டித்துவிட்டார்கள். ஜூன் 22 அன்று அது திறக்கும்வரை அரிசி, தோட்டா எல்லாமே விமானத்தில்தான் வந்தன. சாப்பர் என்றால் துப்பாக்கியைவிட மண்வெட்டியைத்தான் அதிகம் பிடிக்க வேண்டும்: பாதை போடுவது, பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது. இன்று போட்ட பாதை மறுநாள் மழையில் சேறாகிக் கிடக்குமாம்.

சண்டையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மலேரியா வராமலிருக்கத் தினமும் விழுங்கிய மெபாக்ரின் மாத்திரையைப் பற்றி மட்டும் சொல்வார். அது தோலையே மஞ்சளாக்கிவிடும். விடுப்பில் வந்த மகனைப் பார்த்த அவருடைய அம்மா, காமாலை என்று பதறி, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்திருக்கிறார். "மாத்திரையால் வந்ததும்மா" என்று சொல்லாமல், மூன்று நாளும் வாங்கிக் குடித்தாராம். இதைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் இறங்கிவிடும். அதற்கடுத்த விடுப்பில் அவர் வந்தபோது அம்மா இல்லை.