ஒன்பதால் வகுபடும் வித்தியாசம்

அக்டோபர் 28, 2024, திங்கள். கோத்தகிரி.
தேயிலை ஃபேக்டரியில் மறுபடி கணக்கு வேலை. எஃப் 1 தட்டினால் கம்பெனிப் பட்டியல் வரவில்லை, உதவிப் பக்கம் வருகிறது. புதுக் கணக்கு மென்பொருளான டேலி பிரைமில் கம்பெனி மாற்றுவது எஃப் 3. கை இன்னும் பழைய டேலி ஈ.ஆர்.பி. 9-லேயே இருக்கிறது. பேமென்ட் எஃப் 5, ரிசீட் எஃப் 6, ஜர்னல் எஃப் 7 எல்லாம் இடம் மாறாமல் இருக்கின்றன. எது எங்கே என்று தெரியாவிட்டால் ஆல்ட்டும் ஜி-யும். பெயரில் மூன்று எழுத்து அடித்தால் வந்துவிடும்.

அக்டோபர் 29
நம்பர் பேடில் 5-ன் மேல் ஒரு சின்ன மேடு. நடுவிரல் அங்கே இருந்தால் 4 இடப்பக்கம், 6 வலப்பக்கம். குளிரில் விரல் விறைத்தால் இரண்டும் மாறிப்போகும். ராத்திரி பழைய கொழுந்து பில் இருபதைத் திரையைப் பார்க்காமல் கூட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு முறை. இரண்டு மொத்தமும் ஒன்றாக வரும்வரை தூக்கமில்லை.

அக்டோபர் 30
5.40 பஸ் போய்விட்டது.

நவம்பர் 4
கொழுந்து ரெஜிஸ்டருக்கும் லெட்ஜருக்கும் 1,800 ரூபாய் இடிக்கிறது. லெட்ஜரில்தான் குறைவு. டேலியில் ட்ரையல் பேலன்ஸ் எப்போதும் சரியாகத்தான் நிற்கும், அதைப் பார்த்து நிம்மதியாகக் கூடாது. தொகையைத் தப்பாக அடித்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தே தப்பாகும். கொழுந்து வாங்கும் சென்டரின் சீட்டு, ரெஜிஸ்டர், லெட்ஜர் மூன்றையும் தனித்தனியே கூட்டினால்தான் குட்டு வெளிப்படும்.

முதலில் 1,800-ஐ அப்படியே தேடினேன்: விட்டுப்போன பில் இல்லை. பிறகு பாதி, 900: பற்றில் போக வேண்டியது வரவில் போயிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகும். அதுவும் இல்லை. 9-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 200. அப்படியானால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். பக்கத்துப் பக்கத்து இலக்கமென்றால் ஆயிரமும் நூறும்தான், அவற்றுக்குள் வித்தியாசம் 2. முந்நூறுக்கு மேல் விவசாயிகள்.

நவம்பர் 5
அவுட்டர்ன் பார்த்தாயிற்று. நூறு கிலோ கொழுந்துக்கு 22 முதல் 25 கிலோ தூள் வந்தால் கணக்கு நம்பும்படி இருக்கிறது என்று அர்த்தம். 27 என்றால் கொழுந்து குறைத்து எழுதப்பட்டிருக்கும், இல்லையென்றால் பழைய ஸ்டாக் உள்ளே புகுந்திருக்கும். மழை மாதத்தில் இறங்கும், இலையோடு தண்ணீரும் எடை ஏறுவதால். தண்ணீருக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது சீட்டிலேயே தனி வரியாக இருக்க வேண்டும். "கழிச்சு எழுதிட்டோம்மா" என்று வாயால் சொன்னால் ஆடிட்டில் நிற்காது.

1,800 இன்னும் இடிக்கிறது. 29-ஆம் தேதி நான் அடித்தவற்றை மறுபடி பார்க்க வேண்டும்.

நவம்பர் 7
இந்த மாதக் கெடு தேதிகள்: பிடித்தம் செய்த வரி டி.டி.எஸ். 7. ஜி.எஸ்.டி. விற்பனை விவரம் ஆர்-1 11. பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15. ஜி.எஸ்.டி. மாத ரிட்டர்ன் 3பி 20. சின்னவளின் பள்ளிக் கூட்டமும் 20.

நவம்பர் 8
என் பழைய பி.எஃப். எண், யூ.ஏ.என்., உயிரோடுதான் இருக்கிறது. புது எண் வாங்கவே கூடாது, வேலையில் சேரும்போது கொடுக்கும் ஃபார்ம் 11-ல் பழையதை எழுத வேண்டும். சிக்கல் இனிஷியலில்: பி.எஃப்.-இல் அப்பா எழுத்து, ஆதாரில் வீட்டுக்காரர் எழுத்து. ஆதாரோடு பெயர் பொருந்தாமல் கே.ஒய்.சி. ஏறாது, கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்த வேண்டும். ஒரே ஒரு எழுத்து!

நவம்பர் 10
பேசாமல் இருந்திருக்கலாம்.

நவம்பர் 11
ஆர்-1 போட்டாயிற்று. பொருள் குறியீடு எச்.எஸ்.என்.: சாக்கில் போகும் கறுப்புத் தேயிலை 090240, மூன்று கிலோவுக்கு உட்பட்ட பாக்கெட் 090230. வரி இரண்டுக்கும் 5 சதவீதம்தான், அதனால் யாரும் கவலைப்படுவதில்லை, எச்.எஸ்.என். தொகுப்பில்தான் குளறுபடி தெரிகிறது. பச்சைக் கொழுந்துக்கு வரியே இல்லை.

29-ஆம் தேதி பில்கள் அத்தனையும் சரி. பின்னே எங்கே?

நவம்பர் 14
குழந்தைகள் தினம். பள்ளியில் கலர் டிரஸ், காலையில்தான் சொன்னாள்.

ஜி.எஸ்.டி. தளத்தில் இன்வாய்ஸ் மேலாண்மைத் திரை வந்தபின் உருவான முதல் 2பி, அதாவது நாம் வாங்கிய பில்களின் வரி வரவுப் பட்டியல், இன்று. சப்ளையர் ஏற்றிய ஒவ்வொரு பில்லையும் ஏற்கலாம், நிராகரிக்கலாம், நிலுவையில் வைக்கலாம். எதுவும் செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளும். தெரியாமல் நிராகரித்துவிட்டால் அந்த வரி வரவு 2பி-யிலிருந்து போய்விடும். 3பி போடுவதற்குள் மாற்றலாம், ஆனால் 14-க்குப் பிறகு மாற்றினால் 2பி-யை மறுபடி கணக்கிடும் பொத்தானை அழுத்த வேண்டும். அதை மறந்தால் பழைய எண்ணே நிற்கும். ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலையில், அப்போது நான் வீட்டில். இந்தத் திரை வந்தது போன மாதம் 14. இன்று பெரியவர்களே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார்கள்.

நவம்பர் 16
லாரி வாடகையில் ரிவர்ஸ் சார்ஜ். 5 சதவீதம் நாமே கட்ட வேண்டும், அதுவும் ரொக்க லெட்ஜரிலிருந்து; வரவைக் கொண்டு கழிக்க முடியாது. கட்டியபின் வரவாக எடுத்துக்கொள்ளலாம். புதுத் திரையில் இது வராது, ஆகவே நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு. பதிவில்லாதவரிடம் வாங்கினால் நம் பெயரில் நாமே எழுதும் பில்லுக்கு இந்த 1-ஆம் தேதியிலிருந்து முப்பது நாள் கெடு.

நவம்பர் 19
கிடைத்துவிட்டது. 16,440 இருக்க வேண்டிய இடத்தில் 14,640. அக்டோபர் 9 வவுச்சர். நான் சேர்வதற்கு முன்னால். இத்தனை நாளும் என் விரலையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பழைய வவுச்சரைத் திறந்து திருத்துவதில்லை. 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிக் கணக்கில் யார், எப்போது, எதை மாற்றினார் என்று எடிட் லாக் காட்டிவிடும். மறைக்க ஒன்றுமில்லை, ஆனால் பழையதைத் தொடாவிட்டால் ஆடிட்டருக்குப் பதில் சொல்லும் வேலை இல்லை. நவம்பரில் ஜர்னல்: கொழுந்துக் கொள்முதல் பற்று 1,800, விவசாயி வரவு 1,800, விவரத்தில் சீட்டு எண்ணும் தேதியும். அவருக்குப் பணம் இன்னும் போகவில்லை, நல்லவேளை.

நவம்பர் 20
கூட்டம் மூன்றரைக்கு. 3பி-க்கு முதல் ஓ.டி.பி. காலாவதி, டவர் இல்லை. ஜன்னலோரம் போனால் ஒரு கோடு. இரண்டாவது ஓ.டி.பி.