மனிற்றோபாவுக்கு வரும் திருமலை ஆட்களுக்கு: பெரிய சாம்பல் ஆந்தை பார்ப்பது எப்படி

கந்தளாய்க் குளக்கட்டில் மீன் ஆந்தை பார்த்துப் பழகின கண்ணுக்குக் கனடாவின் மனிற்றோபா மாகாணம் உடனே பிடிபடாது. ஊரில் பொழுதுபட்ட பிறகு, சத்தம் வரும் பக்கம் ரோர்ச் அடித்துத் தேடுவோம். இங்கே அது சரிவராது. பெரிய சாம்பல் ஆந்தை பனிக்காலத்தில் பெரும்பாலும் சத்தம் போடாது. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் போங்கள். மப்பான நாளென்றால் மத்தியானத்திலும் வேட்டையாடும்.

1987இலிருந்து இதுதான் மாகாணப் பறவை. அதற்காக எங்கும் இருக்குமென்றில்லை. தலைநகர் வினிபெக்குக்குக் கிழக்கே ஸ்ப்ரூஸ், தமராக் மரங்கள் நிற்கும் சதுப்புக் காட்டோரம், பக்கத்தில் புல்வெளி இருக்கும் கிராமத்து ரோட்டுகளில் தேடுங்கள். அங்கேதான் அதன் சாப்பாடான வோல் எலி பெருகும். எலி குறைந்த வருடங்களில் ஆந்தைகள் கூட்டமாகத் தெற்கே இறங்கும்; 2004-05 பனிக்காலத்தில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆயிரக்கணக்கில் வந்து நின்றன.

காதுபோல நீட்டின இறகு இல்லை. வட்ட முகத்தில் வளையம் வளையமாகக் கோடு, சிறிய மஞ்சள் கண், அலகுக்குக் கீழே வெள்ளைப் பட்டி. நீளம் 61 முதல் 84 சென்ரிமீற்றர், சிறகை விரித்தால் ஒன்றரை மீற்றர் வரை வரும். நிறையோ பலதுக்கு ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மீதியெல்லாம் இறகு.

அது வேட்டையாடுவதைப் பொறுமையாகப் பாருங்கள். இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லாததால் அரை மீற்றர் பனிக்குக் கீழே எலி அசைவதையும் கேட்டுவிடும். ஆனால் பனி சத்தத்தை வளைத்துவிடுவதால், சரிவாகக் கேட்டால் எலி வேறிடத்தில் இருப்பதுபோலத் தெரியும். அதனால் நேர் மேலே வந்து அந்தரத்தில் சிறகடித்து நின்று குறிபார்க்கும். மனிற்றோபாவில் செய்து 2022இல் வெளியான ஆய்வு காட்டியது இதைத்தான். பிறகு தலைகீழாக விழுந்து, கடைசி நொடியில் காலை முன்னே நீட்டும். பனியில் ஒரு குழியும், இருபக்கமும் சிறகு பதிந்த அடையாளமும் மிஞ்சும்.

காரைவிட்டு இறங்க வேண்டாம். இறங்கினால் அது வேட்டையை விட்டுப் பறந்துவிடும். எஞ்சினையும் ஹீற்றரையும் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்குங்கள். உள்ளேயிருந்து வெளியேறும் சூட்டுக் காற்றில் படம் கலங்குவதற்கு லென்ஸைக் குறைசொல்லிப் பயனில்லை. வெள்ளைப் பனியில் கமெரா படத்தை இருட்டாக்கும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். உதிரிப் பற்றரி சட்டைக்குள் இருக்கட்டும். வீட்டுக்குள் போகமுன் கமெராவைப் பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும்.

புதிதாக வருபவர்கள் இரண்டு மேசு போட்டுச் சப்பாத்தை இறுக்கிக் கட்டுவார்கள். இரத்தம் ஓடாமல் விரல் இன்னும் விறைக்கும். ஒரு கம்பளி மேசு, ஒரு அளவு பெரிய சப்பாத்து போதும். கார் பனியில் புதைந்தால், புகைக்குழாயைத் தோண்டி விடாமல் எஞ்சினைப் போடவே கூடாது. நச்சுப்புகை உள்ளே ஏறும்.

படத்துக்காகக் கடையில் எலி வாங்கி வீசுகிறவர்களோடு சேராதீர்கள். ரோட்டோரம் தீனி கிடைக்குமென்று பழகின ஆந்தைதான் வாகனத்தில் அடிபடும். அடிபட்டுக் கிடந்தால் தடித்த துவாயால் போர்த்தி, நகத்தில் கை படாமல் காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, தண்ணீரோ தீனியோ கொடுக்காமல், வனவிலங்கு மீட்பு நிலையத்துக்கு உடனே அழையுங்கள்.