புதிய சபை, பழைய கடன்: ஜனவரி 2011 நாட்குறிப்பு

ஜனவரி 3, 2011, திங்கள்

நாளை மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், 112ஆவது முறையாகக் கூடிப் பதவியேற்கிறது. பிரதிநிதிகள் சபையில் நம் குடியரசுக் கட்சிக்கு 242 இடம், ஜனநாயகக் கட்சிக்கு 193. ஒரே தேர்தலில் நமக்கு 63 இடம் கூடியிருக்கிறது. 1948க்குப் பிறகு எந்தக் கட்சியும் ஒரே தேர்தலில் இவ்வளவு இடங்களைக் கூடுதலாகப் பிடித்ததில்லை. சபாநாயகராகப் போகும் ஜான் பெய்னர் எங்கள் தொகுதிக்காரர். நான் குடியிருக்கும் ஒஹாயோவின் வெஸ்ட் செஸ்டர்தான் அவருக்கும் ஊர். அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

சந்தோஷம்தான். ஆனாலும் மனசு முழுசாக நிம்மதியாக இல்லை. 2001 ஜனவரியில் நாட்டின் கடன் 5.7 லட்சம் கோடி டாலர். புஷ் பதவியை விட்டு இறங்கியபோது 10.6 லட்சம் கோடி. அந்த எட்டு வருஷத்தில் ஆறு வருஷம் சபை நம் கட்சியின் கையில்தான் இருந்தது. 2003இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவுத் திட்டத்தைச் சேர்த்ததும் நாம்தான். ஓட்டெடுப்பை ராத்திரியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீட்டி, ஒவ்வொரு உறுப்பினராகப் பிடித்துப் பேசி, 220க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். அந்தச் செலவுக்கு ஈடாக வேறு எதையும் குறைக்கவில்லை. பெய்னர் அதை ஆதரித்தார். பட்ஜெட் குழுத் தலைவராகப் போகும் பால் ரயனும் ஆதரித்தார்.

இப்போது கடன் 14 லட்சம் கோடி. ஒபாமா இரண்டே வருஷத்தில் அங்கே கொண்டுபோய்விட்டார் என்பது உண்மை. அதனால் நம்முடைய பழைய கணக்கு அழிந்துபோகாது.

ஜனவரி 5, புதன்

ஆபீஸ் டிவியில் பார்த்தேன். பெய்னருக்கு 241 ஓட்டு. இதுவரை சபாநாயகராக இருந்த ஜனநாயகக் கட்சியின் பெலோசிக்கு 173, ஓட்டெடுப்பில் கலந்துகொண்ட அவர் கட்சிக்காரர்களிலேயே 19 பேர் அவருக்குப் போடவில்லை. பெலோசி அந்தப் பெரிய மரச் சுத்தியலைக் கொடுக்க, பெய்னர் வாங்கும்போது கண் கலங்கினார். அவர் அழுவதைக் கேலி செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சின்சினாட்டியில் அப்பா நடத்திய மதுக்கடையில் தரை துடைத்து வளர்ந்தவர், பன்னிரண்டு பிள்ளைகளில் ஒருவர். அந்த நாற்காலிக்கு வரும்போது கண்ணீர் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

புதிய விதிகளைப் படித்தேன். ஒவ்வொரு மசோதாவும் அரசியல் சட்டத்தின் எந்த அதிகாரத்தில் வருகிறது என்று சொல்ல வேண்டும். ஓட்டெடுப்புக்கு மூன்று நாள் முன்பே மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். புதிதாக ஒரு நிரந்தரச் செலவைக் கொண்டுவந்தால் அதற்கு ஈடாக இன்னொரு செலவைக் குறைக்க வேண்டும். வரி போட்டுச் சரிக்கட்ட முடியாது. மூன்றும் நல்ல விதிகள். இதற்காகத்தான் வலதுசாரிகள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் இந்த ஈடுகட்டும் விதி வரிக் குறைப்புக்குப் பொருந்தாது. ஒபாமா போன வருஷம் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவுக்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். வரி குறைய வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். வரவு குறைந்தால் செலவும் குறைந்தாக வேண்டும், இல்லையென்றால் கடன்தான். சபையின் முதல் நாளிலேயே விலக்கு என்ற சொல்லைப் பார்த்தது உறுத்துகிறது.

ஜனவரி 6, வியாழன்

சபையில் இன்று அரசியல் சட்டத்தை முழுக்கப் படித்தார்கள், இரு கட்சி உறுப்பினர்களும் மாறி மாறி. திருத்தங்களால் நீக்கப்பட்ட பகுதிகளை விட்டுவிட்டார்கள். அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிய வாக்கியமும் அப்படியே விடுபட்டது. அதையும் படித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முன்னோர்களின் ஏற்பாட்டை மதிப்பவர்கள், அதில் இருந்த கறையையும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கக் கூடாது. அடிமைத்தனத்தை ஒழித்த 13ஆவது திருத்தத்தை, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய உறுப்பினர் ஜான் லூயிஸ் படித்தபோது எழுந்த கைதட்டலில் எனக்கும் கண் நிறைந்தது. முதல் திருத்தத்தைப் படித்தவர் அரிசோனாவின் கேப்ரியல் கிஃபர்ட்ஸ்.

இன்றே நிதியமைச்சர் கைட்னரின் கடிதமும் வந்தது. அரசாங்கம் வாங்கக்கூடிய கடனுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 14.29 லட்சம் கோடி. மார்ச் 31க்கும் மே 16க்கும் இடையில் அதைத் தொட்டுவிடுவோமாம்.

ஜனவரி 7, வெள்ளி

சபை தன் சொந்தச் செலவை 5 சதவீதம் குறைத்திருக்கிறது. 410க்கு 13. மிச்சம் சுமார் 3.5 கோடி டாலர். நல்ல தொடக்கம்தான், வீட்டுக்காரன் முதலில் தன் தட்டைத்தான் குறைக்க வேண்டும். ஆனால் தேர்தலில் சொன்னது முதல் வருஷத்திலேயே 10,000 கோடி டாலர் வெட்டு. மார்ச் வந்தால் நிதியாண்டு பாதி போய்விடும், 5,000 அல்லது 6,000 கோடிதான் முடியும் என்று இந்த வாரமே பேச ஆரம்பித்துவிட்டார்கள். நிதியாண்டு அக்டோபரில் தொடங்குவது வாக்குறுதி கொடுத்தபோதே எல்லோருக்கும் தெரியும்.

நம் உறுப்பினர்கள் இருவர், பீட் செஷன்ஸும் மைக் ஃபிட்ஸ்பேட்ரிக்கும், பதவிப் பிரமாண நேரத்தில் சபையில் இல்லை. பார்வையாளர் மையத்தில் டிவியைப் பார்த்துக் கையை உயர்த்தியிருக்கிறார்கள். அது செல்லாது. அவர்கள் போட்ட ஓட்டுகளையும் நீக்க வேண்டியதாயிற்று. அரசியல் சட்டத்தைப் படித்த அதே வாரத்தில் இப்படி நடந்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 8, சனி

டூசானில் கிஃபர்ட்ஸைச் சுட்டுவிட்டார்கள். ஒரு கடை வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். ஆறு பேர் இறந்துவிட்டார்கள். நீதிபதி ஜான் ரோல் ஒருவர், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. கிஃபர்ட்ஸ் பிழைப்பாரா என்று தெரியவில்லை.

முந்தாநாள்தான் மக்கள் அமைதியாகக் கூடும் உரிமையை அவர் வாயால் படிக்கக் கேட்டேன். புதன்கிழமை அவர் பெலோசிக்குப் போடாமல் ஜான் லூயிஸுக்கு ஓட்டுப் போட்டிருந்தார். உறுப்பினர்கள் சம்பளத்தை 5 சதவீதம் குறைக்க மசோதா கொண்டுவந்திருந்தார். எதிர்க்கட்சி, ஆனாலும் மரியாதைக்குரிய எதிர்க்கட்சி. சாயங்காலத்துக்குள் டிவியில் இரு பக்கமும் பழி போட ஆரம்பித்துவிட்டார்கள். அணைத்துவிட்டேன்.

ஜனவரி 10, திங்கள்

ரத்து மசோதா ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள். சரியான முடிவு.

இங்கே ஒஹாயோவில் ஜான் கேசிக் நள்ளிரவு தாண்டியதும் கவர்னராகப் பதவியேற்றார். 1995இலிருந்து ஆறு வருஷம் சபையின் பட்ஜெட் குழுத் தலைவராக இருந்தவர். 1997இல் கிளிண்டனோடு உட்கார்ந்து பேசி பட்ஜெட்டைச் சமன் செய்தவர்களில் ஒருவர். 1998இலிருந்து நான்கு வருஷம் நாடு உபரி பார்த்தது. அதனால்தான் முடியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்த உபரிக்கு முன்னால் 1995இல் பட்ஜெட் தகராறில் அரசாங்க அலுவலகங்களை இரண்டு முறை மூட வைத்து மக்களிடம் கெட்ட பெயர் வாங்கியதும் நாம்தான். புதிதாக வந்திருக்கும் 87 பேரில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கும்?

ஜனவரி 15, சனி

மளிகைக் கடை அண்ணாச்சியின் வருஷக் கணக்கை முடிக்கப் போயிருந்தேன். திருநெல்வேலிக்காரர், என்னைவிட மூத்தவர், ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவர். மருத்துவச் சட்டத்துக்குள் ஒரு மூலையில் இருக்கும் 1099 என்ற வரிப் படிவ விஷயத்தை அவருக்கு விளக்கினேன். 2012இலிருந்து, வருஷத்தில் 600 டாலருக்கு மேல் யாரிடம் சரக்கு வாங்கினாலும் அவர் பெயர், முகவரி, வரி எண் வாங்கி ஆளுக்கொரு படிவம் அனுப்ப வேண்டும். இதுவரை பெரும்பாலும் சேவைக்கு மட்டும்தான் இருந்தது.

கல்லாவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து பட்டியல் போட்டோம். காய்கறி, பால், ஐஸ், அரிசி மூட்டை, வாழை இலை, கவர், பனி அள்ளுகிறவர், ஃப்ரீசர் மெக்கானிக். தாள் நிறைந்து பின்பக்கமும் எழுத வேண்டியதாயிற்று.

"ஐஸ் கொண்டாறவன்கிட்ட போயி உன் வரி நம்பரக் குடுன்னா அவன் என்ன நெனைப்பான் தம்பி?" என்றார். அப்புறம் அவரே தொடர்ந்தார்: "இத எடுங்க, வேண்டாங்கல. ஆனா உங்க அண்ணிக்குச் சக்கரை. அத வச்சு எந்தக் கம்பெனியும் தட்டிக் கழிக்கக் கூடாதுன்னு இந்தச் சட்டத்துலதான இருக்கு? மொத்தமா ரத்து பண்ணிட்டு என்ன தரப்போறீய?"

மாநிலங்களுக்கு இடையே காப்பீடு விற்க விட வேண்டும், நோயாளிகளுக்கென்று தனி நிதி வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மசோதாவாக எழுதி வைத்த ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை. நம் கட்சியிடம் இருந்தால்தானே காட்ட முடியும்.

ஜனவரி 20, வியாழன்

நேற்று ரத்து மசோதா சபையில் நிறைவேறியது. 245க்கு 189. ஜனநாயகக் கட்சியில் மூன்று பேர் நம்மோடு வந்தார்கள். செனட்டில் நமக்கு 47 பேர்தான், அதற்கு மேல் ஒபாமா இருக்கிறார். ஆகவே இது சட்டமாகாது. ஆனாலும் ஓட்டுக் கேட்டபோது சொன்னதைச் செய்தார்கள், அதில் எனக்குத் திருப்தி.

ரத்து செய்தால் பத்து வருஷத்தில் பற்றாக்குறை 23,000 கோடி டாலர் கூடும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் சொல்லியிருந்தது. அந்தக் கணிப்பு, மெடிகேர் வெட்டுகள் எல்லாம் உண்மையிலேயே நடக்கும் என்று நம்பிப் போட்டது. மருத்துவர்களுக்கான மெடிகேர் கட்டண வெட்டையே காங்கிரஸ் வருஷா வருஷம் தள்ளிப்போடுகிறது. நானும் அந்தக் கணிப்பை நம்பவில்லை. ஆனால் நமக்குப் பிடிக்காத எண் வந்ததும் அந்த அலுவலகத்தையே மட்டம் தட்டுவது சரியில்லை. நாளைக்கு நம் பட்ஜெட்டையும் அவர்கள்தான் அளக்கப் போகிறார்கள்.

இன்று மாற்று மசோதா தயாரிக்கச் சொல்லிக் குழுக்களுக்குத் தீர்மானம் போட்டார்கள். கெடு எதுவும் இல்லை. அண்ணாச்சியின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது.

ஜிம் ஜோர்டனும் மற்ற வலதுசாரி உறுப்பினர்களும் பத்து வருஷத்தில் 2.5 லட்சம் கோடி டாலர் வெட்டும் திட்டம் வெளியிட்டிருக்கிறார்கள். ஜோர்டனும் ஒஹாயோக்காரர். துணிச்சலான திட்டம். ஆனால் அதிலும் அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி இல்லை, மெடிகேர் இல்லை. ராணுவமும் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிகெய்டும் சேர்த்து இந்த நான்குக்கு மட்டும் மொத்தச் செலவில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போகிறது. மிச்சத்தை மட்டும் எவ்வளவு சுரண்டினாலும் பற்றாக்குறை அடையாது.

ஜனவரி 26, புதன்

நேற்று அதிபரின் உரை. உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் கலந்து உட்கார்ந்தார்கள். 1099 தொல்லையை நீக்கலாம் என்று ஒபாமாவே சொன்னார். நம் பக்கத்திலிருந்து ரயன் பதில் சொன்னார். கடன் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசும் ஆள் நம்மிடம் வேறு இல்லை. டிசம்பரில், கடனைக் குறைக்க வழி சொல்ல அமைத்த இரு கட்சி சிம்ப்சன்-போல்ஸ் குழுவின் அறிக்கைக்கு எதிராக அவர் ஓட்டுப் போட்டது மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. மருத்துவச் செலவைத் தொடவில்லை என்ற அவர் காரணம் புரிகிறது. அப்படியென்றால் தொடும் பட்ஜெட்டை அவர்தான் எழுதிக் காட்ட வேண்டும். நம் உறுப்பினர் மிஷேல் பாக்மன், அரசுச் செலவையும் வரியையும் எதிர்க்கும் டீ பார்ட்டி இயக்கத்தின் சார்பில் தனியாக இன்னொரு பதில் உரை கொடுத்தார். மூன்று வாரத்திலேயே ஒரு கட்சிக்கு இரண்டு குரல் என்பது நல்லதற்கில்லை.

இன்று காலை புதிய கணிப்பு வந்தது. இந்த வருஷப் பற்றாக்குறை மட்டும் 1.5 லட்சம் கோடி டாலர்.

பிப்ரவரி 3, வியாழன்

நேற்று செனட்டில் முழு ரத்து தோற்றது, 47க்கு 51. அதே நாளில் 1099 விதியை நீக்கும் திருத்தம் 81க்கு 17 என்று நிறைவேறியது. அண்ணாச்சிக்குப் போன் செய்து சொன்னேன். "பட்டியலக் கிழிச்சிரட்டா?" என்று கேட்டார். சபையும் ஓட்டுப் போட்டு அதிபர் கையெழுத்து ஆகும்வரை வைத்திருங்கள் என்றேன்.

இன்று ராத்திரி பெய்னருக்குக் கடிதம் எழுதி முடித்தேன். எனக்கு ஐம்பது வயது. 67இல் முழு ஓய்வூதியம் என்பது இப்போதைய சட்டம். அதை என் வயதுக்காரர்களுக்கே 68 ஆக்குங்கள், எதிர்த்து ஓட்டுப் போட மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். வசதியுள்ளவர்களுக்கு மெடிகேர் கட்டணத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன், அதில் நானும் வருவேன். ராணுவத்தில் 7,800 கோடியைக் குறைக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸே சொல்லும்போது நம் ஆட்கள் முகம் சுளிக்கக் கூடாது என்றும், 1099க்குச் செய்ததுபோல ஒவ்வொரு பிழையாக எடுத்து எதிர்க்கட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும், கடன் வரம்பை உயர்த்த ஒப்புக்கொள்ளும் முன் வெட்டை எழுத்தில் வாங்குங்கள், ஆனால் நாட்டைக் கடன் கட்டாதவனாக ஆக்கிவிடாதீர்கள் என்றும் எழுதினேன்.

காலையில் தபாலில் சேர்க்க வேண்டும். இடைக்கால நிதி மார்ச் 4ஆம் தேதியோடு முடிகிறது. சபை அதற்குள் எந்தத் தொகையோடு வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.