கேத வீட்டில் யாரைத் தேடுவது?

பந்தல் போடுகிறவன் கேத வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, எல்லாருக்கும் முன்னால் போவான், எல்லாரும் கிளம்பிய பிறகுதான் திரும்புவான். மதுரைப் பக்கம் திருமங்கலத்தில் அப்பா ஆரம்பித்த கடை எங்களுடையது. அவர் காலத்தில் சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும். இப்போது இரும்புப் பைப், சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஃபோகஸ் லைட், ஐஸ் பெட்டி. கல்யாணத்துக்கும் நாங்கள்தான், கேதத்துக்கும் நாங்கள்தான்.

சொந்தக்காரப் பையன் ஒருவன், சென்னையில் ஐடி வேலை பார்க்கிறவன், போன வாரம் போனில் கேட்டான். "அண்ணே, கேதத்துக்குப் போனா என்ன பேசுறதுன்னே தெரியல. பயந்துக்கிட்டு ஆர்.ஐ.பி.னு வாட்ஸ்அப்ல போட்டு விட்டுர்றேன்." அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். என்ன பேசுவது என்பது ரெண்டாவது. யாரிடம் போவது என்று முதலில் தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் முறை ஒன்று இருக்கிறது. ஆம்பளைகள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிக்கொண்டே போவார், அவர்கள் தொட்டு விடுவார்கள். பொம்பளைகள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். அப்புறம் ஒரு டீ, கொஞ்ச நேரம் இருப்பு, கிளம்பும்போது "போயிட்டு வாரேன்" என்று சொல்லாமல் எழுந்து போவது. நல்ல முறைதான். பேசத் தெரியாதவனைக்கூடக் காப்பாற்றிவிடும். ஆனால் அந்த வரிசையில் இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கை போய்ச் சேர்கிறது. மகன்கள், பங்காளிகள், தலைமாட்டில் உட்கார்ந்த மகள்கள், கூடப்பிறந்தவர்கள். வரிசைக்கு வெளியே நிற்கிறவர்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

ஐஸ் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே குளிர், வெளியே நம் ஊர் வெக்கை, அதனால் கண்ணாடி வியர்த்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷம் விட்டால் முகம் தெரியாது. யாராவது ஒருத்தர் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையை யாரும் யாருக்கும் ஒதுக்குவதில்லை, தானாக ஒருத்தர் எடுத்துக்கொள்வார். பெட்டியை இறக்கி பிளக்கைச் சொருகிவிட்டு நான் கவனிப்பது அந்த ஒருத்தர் யார் என்பதைத்தான்.

கள்ளிக்குடிப் பக்கம் ஒரு வீடு. படுக்கையில் ரொம்ப நாள் கிடந்த பெரியவர். மகன்கள் வாசலில், மகள்கள் தலைமாட்டில். கண்ணாடியைத் துடைத்தது இளைய மருமகள். டீத்தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார், வருவார், இடுப்பில் சொருகிய துண்டை உருவித் துடைப்பார், மறுபடி அடுப்படிக்குப் போவார். பெரியவருக்கு மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றியதும், மலமூத்திரம் அள்ளியதும் அவர்தான் என்பது தெருவுக்கே தெரியும். வந்த பெண்கள் எல்லாரும் மகள்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இவரிடம் வந்தவர்கள் கேட்டது தண்ணீர், அல்லது பாத்ரூம் எங்கே என்று. மருமகள்தானே, வந்தவள்தானே. மதியத்துக்கு மேல் எதிர்வீட்டுக் கிழவி ஒருத்தி வந்தாள். தலைமாட்டைத் தாண்டி நேராக இவரிடம் போய், ஈரத்துண்டோடு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே ராத்திரியில யாரு தாயி ஒன்னயக் கூப்பிடப் போறா?" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

என் மகள் சமூகப்பணி முதுகலை படிக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது, இதற்குப் பாடமே இருக்கிறது என்றாள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்கர் 1989இல் புத்தகமாகவே கொண்டுவந்திருக்கிறாராம். ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கம், துக்கப்பட உரிமை இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களின் துக்கம். விவாகரத்து ஆன மனைவி, கூட வேலை பார்த்தவர், கருவிலேயே குழந்தையை இழந்த தாய் எல்லாரும் அதில் வருவார்கள் என்றாள். எதிர்வீட்டுக் கிழவி அதைப் படித்திருக்க மாட்டாள். ஆனால் அந்த வீட்டில் யாருக்கு எது போனது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

கல்யாணச் சாவு என்று ஒன்று சொல்வோம். தொண்ணூறு தாண்டி, பேரன் பேத்தி எடுத்துப் போன சாவு. கொட்டு, வெடி, தேர் என்று அமர்க்களப்படும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, நிறைய வாழ்ந்தவரை நிறைவாக அனுப்புகிறார்கள். ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளே எண்பது வயதைத் தாண்டிய மனைவி ஒரு மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். அறுபது வருஷத்துக்கு மேல் கூட இருந்த ஆள் போயிருக்கிறார். "அனுபவிச்சுட்டுத்தான் போயிருக்காரு, எதுக்கு அழணும்?" என்று அவரிடமே போய்ச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வயதாகிப் போனால் வலிக்காது என்று யார் சொன்னது? அந்தப் பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "தாத்தாவுக்கு இந்த நேரத்துக்கு என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். சுக்குக் காப்பியா, வெத்தலை இடித்துக் கொடுப்பதா என்று அவரே சொல்ல ஆரம்பிப்பார்.

அடுத்து, சண்டை போடுகிறவன். கோடித் துணி யார் முதலில் போடுவது, குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற நீர்மாலைக்கு யார் முன்னால் போவது, போஸ்டரில் யார் பேர் விட்டுப்போனது என்று எல்லாக் கேத வீட்டிலும் ஒரு சத்தம் வரும். குடிதான் காரணம் என்று முடிவுகட்டிவிடுவோம். பாதி நேரம் குடியேதான். மீதி நேரம், அழத் தெரியாத ஒருத்தன் வேறு வழி தெரியாமல் கத்துகிறான். அவனோடு நியாயம் பேசக் கூடாது. தோளில் கையைப் போட்டு டீக்கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட வேண்டும். பாதி டீயில் உடைந்துவிடுவான்.

கொள்ளி வைக்கிற சின்னப் பையன்களைப் பார்த்தால்தான் எனக்குத் தாங்காது. பிளஸ் டூ படிக்கிற பையனுக்கு மொட்டை அடித்து, தோளில் குடத்தை வைத்து, சுற்றி வரச் சொல்லிவிட்டு, "இனிமே நீதான்டா அம்மாவைப் பாத்துக்கணும்" என்பார்கள். ஒருத்தர் சொன்னால் பரவாயில்லை, வருகிறவர்கள் எல்லாருமே சொல்வார்கள். அவன் அப்பாவைப் பறிகொடுத்து நிற்கிறான், அவன் தலையில் குடும்பத்தையும் அன்றைக்கே ஏற்றிவிடுகிறோம். அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். அவன் கூடப் படிக்கிற பையன்கள் நாலு பேர் தெருமுனையில் தயங்கிக்கொண்டு நிற்பார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர்கள் ஒன்றும் பேச மாட்டார்கள். அதுவே போதும்.

என் அப்பா இறந்த அன்று எங்கள் வீட்டுக்குப் பந்தல் போட்டதும் நான்தான். வேறு யாரை விட்டும் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைப் பையன்கள் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. ஏணியில் நின்று டியூப் லைட்டுக்கு வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன், கீழே ஆட்கள் வந்து அண்ணன் கையைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்றிரண்டு பேர் என்னைப் பார்த்து, "பந்தல்காரத் தம்பி, இந்தப் பக்கம் ரெண்டு சேர் போடுப்பா" என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வெளியூர்க்காரர்கள். அக்கா வீட்டுக்கார மச்சான்தான் வந்து ஏணியைப் பிடித்தார். இறங்கு என்று சொல்லவில்லை, வயரைப் பிடுங்கவும் இல்லை. டேப்பைக் கடித்துக் கொடுத்தார், ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். கடைசி லைட் எரிந்ததும், "மாமா போட்ட மாதிரியே நேரா இருக்கு மாப்ள. வா, இப்ப உக்காருவோம்" என்றார். வேலையில் ஒளிந்துகொள்கிறவனை எப்படிக் கையாள்வது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஏணியைத்தான் சொல்வேன். வேலையைப் பிடுங்கினால் அவன் இன்னொரு வேலையைத் தேடிப் போவான்.

ஐஸ் பெட்டி வந்ததில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் வந்து முகம் பார்க்க முடிகிறது. ஆனால் முன்பெல்லாம் கன்னத்தைத் தடவி, காலைப் பிடித்து அழுதார்கள், இப்போது கண்ணாடியைத் தடவி அழுகிறார்கள். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். குளிப்பாட்ட எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வீட்டாரிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு மூடியைத் திறந்துவிடுவேன். "தொட்டுப் பாக்கணும்னு நினைக்கிறவங்க பாத்துக்கங்க." யாரையும் கூப்பிட மாட்டேன். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தால், கேட்டால் கூட்டிவரலாம் என்று மட்டும் சொல்வேன். வர முடியாத மகள் அமெரிக்காவிலிருந்து வீடியோ காலில் இருந்தால் நம் பையன் ஒருவன் போனைப் பிடிப்பான். முகத்தைக் காட்டி முடித்ததும் கட் பண்ணிவிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த மகளைக் கட்டிப்பிடிக்க அங்கே ஆள் இருக்காது. ஒரு சித்தியோ அத்தையோ போனை வாங்கிக்கொண்டு போய் ஒரு ரூமில் உட்கார்ந்து பேச வேண்டும்.

கொரோனா நேரத்தில் இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடாது என்று இருந்தது. கேதமே கேட்கப்படாத வீடுகள் அவை. இன்றைக்கும் அந்த வீடுகளில் யாராவது ஒருத்தர் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பிப்பார். தெரிந்த கதைதான் என்று தடுக்காமல் கேட்டுவிடுங்கள்.

சரி, பேச்சுக்கு வருவோம். "எப்படி ஆச்சு?" என்று மனைவியிடம் கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் நெஞ்சுவலி வந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் வரைக்கும் சொல்லிச் சொல்லி அந்த அம்மா மரத்துப்போயிருப்பார். நெருங்கிய பங்காளி ஒருத்தர் வாசலில் உட்கார்ந்து அதைச் சொல்கிற பொறுப்பை எடுத்துக்கொள்வது பெரிய உதவி. தாலி கழற்றுகிற சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிராவில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் கிராமப் பஞ்சாயத்து 2022இல் தீர்மானம் போட்டு விதவைச் சடங்குகளை நிறுத்தியது. இங்கே தீர்மானம் எல்லாம் வேண்டாம். அந்த அம்மாவுக்கு விருப்பமா என்று மகள் ஒருத்தி முன்கூட்டிக் கேட்டு, வேண்டாம் என்றால் வாசலை மறித்து நின்றால் போதும். நின்ற மகள்களைப் பார்த்திருக்கிறேன்.

காகித வேலையும் ஆறுதல்தான். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமம் என்றால் வி.ஏ.ஓ., நகராட்சி என்றால் சுகாதாரப் பிரிவு. அப்புறம் வாரிசுச் சான்றிதழ், பேங்க், பென்ஷன், ரேஷன் கார்டு. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை நான் வண்டி எடுத்துட்டு வாரேன், ஆதார் கார்டை எடுத்து வைங்க" என்றால் எடுத்து வைப்பார்கள்.

பதினாறு முடிந்து பந்தலைப் பிரித்ததும் வாசலில் பளீரென்று வெயில் விழும். சொந்தக்காரர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். உங்களால் ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அதற்கு அப்புறம் போங்கள். நான் பாக்கி வாங்குகிற சாக்கில் போவேன். ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி மட்டும் இருந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மேடை போட்டபோது சார் டேப்பை வைத்து அளந்து, உயரம் ரெண்டு இஞ்ச் கம்மி என்று என்னைப் பிரிக்க வைத்த கதையைச் சொன்னேன். "வீட்டுலயும் அதே கூத்துதான் தம்பி. கொடிக்கயிறு சரிஞ்சிருக்குன்னு மூணு தடவ அவுத்துக் கட்டுவாரு" என்று சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். மகன் உள்ளே இருந்து வந்து, "அந்த மேடை மேட்டர் எனக்குத் தெரியாதே" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். போனவரின் பேரைச் சொன்னால் துக்கத்தைக் கிளறிவிடுவோம் என்று பயந்து எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பார்த்தவரைக்கும் அந்தப் பேரைக் கேட்கத்தான் ஏங்குகிறார்கள்.

எல்லாரும் இப்படித் தேறி வருவதில்லை. மாதக்கணக்காகக் குளிக்காமல், சாப்பிடாமல், "நானும் போயிர்றேன்" என்று சொல்கிறவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022இல் நடைமுறைக்கு வந்த பதிப்பில், ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையை முடக்குகிற துக்கம் தனியாக இடம்பெற்றிருக்கிறது என்று மகள் காட்டினாள். ஆனால் "போயிர்றேன்" என்ற பேச்சு வந்தால் ஆறு மாதம் எல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆள் பார்க்க வேண்டும். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், ராப்பகலாக எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால் அது காலண்டருக்குப் பின்னால்தான் கிடக்கும். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் போனிலிருந்து போட்டு, அவர் கையில் கொடுங்கள்.